எரிந்தது மறுபடி எரியாது

வண்டி நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. முன்னால் ஒரு வண்டி, அதற்கு முன்னால் ஒரு வண்டி, அப்படியே வளைவு வரைக்கும் வரிசை நீண்டு கிடந்தது. பின்னாலும் அதே கதைதான். ஊரைக் காலி செய்யச் சொல்லிக் காலையில் ஒலிபெருக்கி அலறியதும், மொத்த ஊரும் மூட்டை முடிச்சோடு தெற்குச் சாலைக்கு வந்துவிட்டது. அப்புறம் நகர இடம் எங்கே இருக்கும்?

"மெதுவாவே போகட்டும். என்ன அவசரம்?" என்றார் பின் சீட்டிலிருந்த மாமனார். "நெருப்பு வடக்க. நாம தெற்க. எங்க மாப்பிள்ளை போட்ட மேப் கையில. வேற என்ன வேணும்?"

அந்த மேப்பை அவர் நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார். ஊரில் எல்லாத் தெருமுனையிலும் ஒட்டியிருக்கிற அதே மேப்தான். தீ வந்தால் எந்தச் சாலையில் தப்பிக்கலாம், எதில் போகக்கூடாது என்று வண்ணம் வண்ணமாகக் காட்டுவது. ஆனாலும் தனக்கென்று ஒரு பிரதி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவர். காலையிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதை விரித்துக் காட்டி, மூலையில் பொடி எழுத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தொட்டு, "இது யார் தெரியுமில்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர்தான் அந்த மாப்பிள்ளை. வீட்டில் அவருக்குக் கரி மாப்பிள்ளை என்று பெயர். காடு எரிந்து அடங்கிய இடங்களுக்குப் போய்க் கரியையும் மண்ணையும் தோண்டி எடுத்துவந்து, காட்டிலிருந்த கார்பனில் எவ்வளவு புகையாகப் போயிற்று, எவ்வளவு மண்ணில் தங்கிற்று என்று பார்ப்பது அவர் உத்தியோகம். முதல்முதலாக மாமனார் வீட்டுக்கு வந்த அன்று, வேலையிலிருந்து நேராக வந்தவர் கை கழுவ மறந்துபோய் மாமனாரைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் முதுகில் பத்து விரலும் பதிந்தது. பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் அது கேலிப் பெயர். மேப் வந்த பிறகு பெருமைப் பெயர்.

கண்ணாடியை இறக்கினால் புகை நாற்றம். ஏற்றினால் புழுக்கம். முன் சீட்டில் மனைவி ஒரு பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை. தங்கை புருஷன், அதாவது சகலை, முன்னாலேயே போய்விட்டார். அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். சொந்தமாக ஒரு சின்ன லாரி வைத்திருந்தார். மாமனார் வீட்டு பீரோ, தையல் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு, "நீங்க பேசி முடிச்சு வாங்க, நான் போய் இடம் பிடிக்கிறேன்" என்று கிளம்பியவர்.

"அந்த தையல் மெஷின் இல்லாம அம்மாவாலகூட இருந்திருக்க முடியும். உங்களால முடியாதா அப்பா?" என்றாள் தங்கை.

"உங்க அம்மா போயாச்சு. மெஷின் இருக்கு. அதையும் எரிய விடவா?" என்றார் அவர்.

சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் முன்பு எரிந்த காடு. கறுத்த மரங்கள் கிளையில்லாமல் நின்றன. மேப்பில் இந்தப் பகுதி முழுக்கச் சாம்பல் நிறம். சாம்பல் நிறம் என்றால் பயமில்லாமல் போகலாம் என்று அர்த்தம். எரிந்த காட்டில் மறுபடி எரிய என்ன இருக்கிறது? தீயணைப்புக்காரர்களே ஆபத்தென்றால் எரிந்து முடிந்த தரைக்குள் ஓடித்தான் உயிர் பிழைப்பார்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"எவ்ளோ அழகா இருக்கு, அத்தான்" என்றாள் தங்கை வெளியே பார்த்து. "அவ்வளவும் கரியா கிடந்தது. இப்ப பாருங்க, எல்லாம் திரும்ப முளைச்சாச்சு."

"ம்" என்றார் மாப்பிள்ளை.

முளைத்திருந்தது மரமில்லை. புல். கறுத்த மரங்களின் காலடியில் இடுப்பளவுக்கு எழும்பி, மஞ்சளாகக் காய்ந்து, காற்றில் சரசரவென்று சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் அவரும் வண்டி நின்றதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அந்தப் புல்லை அவருக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலம் முடிந்த கையோடு, இதே சாலைக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, அறுத்து, காயவைத்து, எடை போட்டவர் அவர்.

இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிட வேண்டும். காடு எரிந்தால் அதிலிருந்த கார்பன் புகையாக மேலே போகிறது. காடு திரும்ப வளரும்போது அதே கார்பனைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. போனது வந்துவிடும், கவலையில்லை என்பது பழைய எண்ணம். எரிந்த இடத்தில் ஐந்து வருடத்துக்கு மறுபடி தீ பிடிக்காது என்பதும் அதோடு சேர்ந்ததுதான். அந்த ஐந்தைத்தான் மாப்பிள்ளை மேப் போடும்போது கம்ப்யூட்டருக்குள் கொடுத்தார். அந்தத் துறையின் பெரியவர்கள் எல்லோரும் கொடுத்த எண், இவரும் கொடுத்தார். அதில் தப்பில்லை.

தப்பு பிறகு வந்தது. வெயில் ஏறிப்போய், மழையும் காலம் தப்பிப் பெய்ய ஆரம்பித்த பிறகு, இரண்டே வருடத்தில் புல் வந்து மூடிக்கொள்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அந்தப் புல் பற்றினால் மரக்கன்று ஒன்றுகூட மிஞ்சாது. முதல் தீயில் மண்ணுக்குள் தங்கிய கரியும் சேர்ந்து எரியும். போன கார்பன் போனதுதான். இது பெரிய விஷயம். அவரும் அவருடைய பேராசிரியரும் பெரிய ஆய்விதழுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்பினார்கள். அதைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், பெயர் தெரியாத புண்ணியவான், "இப்படி ஒரு இரண்டாவது தீ இந்த மண்ணில் உண்மையில் வந்திருக்கிறதா? இன்னும் ஒரு பருவம் பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முட்டை பொரிகிற வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டார்கள். முன்பு ஒருமுறை இவர்கள் வாய்விட்டுச் சொன்ன ஒன்றைப் பக்கத்து ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டு அச்சில் கொண்டுவந்துவிட்டது. அதிலிருந்து பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: கட்டுரை வெளிவரும் வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. மேப்பில் ஐந்தை இரண்டாக மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று தீயணைப்பு அலுவலகம் கேட்கும். காரணத்தை எழுதித் தரவேண்டும். எழுதியது இணையதளத்தில் ஏறிவிடும். அப்புறம் கட்டுரையில் புதிதாக என்ன இருக்கிறது? ஒரு பருவம்தானே, பொறுப்போம் என்று மாப்பிள்ளையும் பொறுத்தார். அந்த ஒரு பருவம்தான் இப்போது வெளியே சரசரவென்று சாய்ந்துகொண்டிருந்தது.

காற்று திரும்பியதை அவர்தான் முதலில் கவனித்தார். இவ்வளவு நேரம் முதுகுப் பக்கமிருந்து வந்தது, இடது பக்கமிருந்து வர ஆரம்பித்தது. கண்ணாடியில் வெள்ளையாக ஒரு துணுக்கு வந்து ஒட்டியது. பிறகு இன்னொன்று.

"மழையா?" என்றாள் தங்கை.

"சாம்பல்" என்றாள் மனைவி. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"புழுக்கம்."

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். தீயணைப்பு அதிகாரி. முகமெல்லாம் புகை அப்பிய ஒரு பெண்மணி, கையில் வயர்லெஸ். வண்டிகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொருவருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தவர். மேப் போடும்போது மாப்பிள்ளையோடு பலமுறை உட்கார்ந்து பேசியவர்.

"சார், நீங்களா! நல்லதாப் போச்சு" என்றார். "ஜனங்க பயப்படுறாங்க. மேப் போட்டவரே குடும்பத்தோட இந்த ரோட்லதான் வர்றார்னு சொல்லப்போறேன். அதைவிட என்ன வேணும்?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். பின்னாலிருந்து மாமனார் முந்திக்கொண்டார்: "சொல்லுங்கம்மா, தாராளமா சொல்லுங்க. எரிஞ்சது மறுபடி எரியாதுன்னு எங்க மாப்பிள்ளையே சொல்லியிருக்கார்!"

அதிகாரி சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை திறந்த வாயை மூடிக்கொண்டார். என்னவென்று சொல்வது? இத்தனை வண்டியையும் திருப்பச் சொல்லி, ஒன்றும் நடக்காமல் போனால்? ஜனம் முட்டி மோதிக்கொண்டு நாலு பேர் நசுங்கினால்? நடந்தால் அதைவிட மோசம். எப்படித் தெரியும் என்பார்கள். எப்போதிருந்து தெரியும் என்பார்கள். அடுத்த வளைவு வரைக்கும் போய்ப் பார்ப்போம், காற்று திரும்பிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வரிசை கொஞ்சம் நகர்ந்தது. வளைவு வந்தது. காற்று திரும்பவில்லை.

போன் அடித்தது. சகலை. வண்டியின் ஸ்பீக்கரில் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"சகலை! ரொம்ப முன்னாடி வந்துட்டேன். இங்க வண்டியெல்லாம் நல்லாத்தான் போகுது. ஆனா இடது பக்கம் மேட்டுக்குப் பின்னாடி புகை தெரியுது. எனக்குப் பின்னாடி நம்ம பேக்கரிக்காரர் வேன். அவரும் நின்னுட்டார், திரும்பிடலாமாங்கறார். ஓரமா ஒதுங்கி நிக்கிறோம். நிக்கவா, போகவா? நீங்க சொல்லுங்க."

வண்டிக்குள் மூன்று பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். திரும்பு என்று சொன்னால் ஏன் என்று இந்த மூன்று பேருக்கும் இந்த நிமிடமே சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு அப்போது தோன்றியது. இதைக் கேட்டு யாருக்கும் அவர் மேல் கோபம் வரலாம். எனக்கும் வருகிறது.

"போங்க" என்றார்.

"அவ்வளவுதான், போறோம்!" சகலையின் குரல் தெளிந்தது. இணைப்பு அறுந்தது.

தங்கை நிம்மதியாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள். மாமனார் மேப்பைத் தட்டிக்கொடுத்தார். மனைவி மட்டும் விசிறுவதை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த புருஷனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து போன பிறகுதான் அது யாரை எங்கே அனுப்பியது என்று அவருக்கு உறைத்தது. கதவைத் திறந்தார். "எங்க போறீங்க?" என்று மனைவி கத்துவது காதில் விழுந்தது. வண்டிகளுக்கு நடுவே ஓடினார். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு. புகையில் மூச்சு அடைத்தது. அதிகாரியின் தோளைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"மேடம், வண்டியெல்லாம் நிறுத்துங்க. இந்தப் புல்லுல தீ பிடிக்கும்."

"என்ன சார் சொல்றீங்க? இது சாம்பல் ஏரியா."

"இல்லை. மேப் தப்பு. நான் அளந்திருக்கேன். காற்று இப்படியே வந்தா மேடு தாண்டினதும் ஒரே ஓட்டமா ரோட்டுக்கு வந்துரும். பின்னாடி கல்குவாரி இருக்கு, வெறும் பாறை. எல்லாரையும் அதுக்குள்ள விடுங்க."

அதிகாரி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "எப்ப அளந்தீங்க?"

"மழை முடிஞ்சப்ப."

அந்தப் பெண்மணி வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் இல்லை. ஆனால் அந்தப் பார்வை மாப்பிள்ளையின் முகத்தில் அறைந்தது போலிருந்தது. அதிகாரி வயர்லெஸ்ஸில் தன் ஆட்களிடம் கத்த ஆரம்பித்தார். "வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாரையும் குவாரிக்குத் திருப்புங்க. தாண்டிப் போனவங்களை நிக்க விடாதீங்க, வண்டியை விரட்டிட்டுப் போகச் சொல்லுங்க!"

வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு திரும்பின. வசவு, ஹாரன், அழுகை. ஒரு வழியாகக் கடைசி வண்டியும் குவாரிக்குள் நுழைந்தபோது, மேட்டின் உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது கீழே இறங்கிய வேகத்தைப் பார்த்து ஜனங்கள் பின்வாங்கினார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் அது புதிதில்லை. அவர் கட்டுரையின் மூன்றாவது படத்தில் போட்டிருந்தபடியே, அதே வேகத்தில், புல்லோடு புல்லாக ஓடிவந்து சாலையைத் தாண்டிப் போயிற்று. சற்று முன் அவர்கள் நின்றிருந்த சாலை.

குவாரியில் மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. நாலாவது பக்கம் புகை. வெளியே போக வழியில்லை. முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் பாறையோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அனல் கொஞ்சம் தணிந்ததும் பேச்சு கிளம்பியது. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "எங்க மாப்பிள்ளைதான்! காத்து வாடையை வெச்சே கண்டுபிடிச்சிட்டார்!" யாரோ வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு தாய் தன் குழந்தையை அவர் மடியில் உட்காரவைத்தாள். எழுந்து ஓடிவிடலாம் என்றால் ஓட இடமில்லை. அவர் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பாறை மூலைக்குப் போனார்.

அங்கே போனில் சிக்னல் இருந்தது. பேராசிரியர் அழைத்தார்.

"பத்திரமா இருக்கியா? குடும்பம்? நல்லது, நல்லது." ஒரு சின்ன இடைவெளிகூட விடவில்லை. "நம்ம கட்டமெல்லாம் எரிஞ்சிருச்சாமே? ரெண்டாவது தடவை! ரெண்டாவது தீ உண்மையில வந்திருக்கான்னு கேட்டான் பாரு, அவனுக்கு இதைவிட என்ன பதில் வேணும்? மழை வர்றதுக்குள்ள சாம்பலை எடுத்துடு. நீ அதிர்ஷ்டக்காரன்யா."

"சார், மேப்ல அஞ்சை ரெண்டா மாத்தியிருந்தா இந்த ரோட்டுக்கே யாரும் வந்திருக்க மாட்டாங்க."

மறுமுனையில் குரல் தணிந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கு? புல்லை அளந்தது நீயும் நானும். வேற யாருக்குத் தெரியும்? நீ ஊரைக் காப்பாத்தியிருக்கே. அதோட விடு."

நல்ல கதவுதான். திறந்தே இருந்தது. நுழைந்துவிட்டால் கட்டுரை வரும், பதவி வரும், மாமனாரின் சட்டைக் காலர் இன்னும் கொஞ்சம் நிமிரும். அதிகாரிக்கு மட்டும் தெரியும். அவரும் நாளைக்கு நூறு வேலையில் மறந்துவிடக்கூடும். போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் கொழுந்தியாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அத்தான்" என்றாள். அவளுடைய போனில் புருஷன் நம்பர் அடித்து அடித்துத் தேய்ந்திருந்தது. "நிக்கவா, போகவான்னு அவர் கேட்டாரே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. பொய் சொன்னால் அவள் நம்புவாள். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"தெரியும்" என்றார்.

அவள் கத்தவில்லை. அழவுமில்லை. புரியாத பாஷையில் எதையோ கேட்டவளைப் போல நின்றாள். அந்த நேரத்தில்தான் அவள் கையிலிருந்த போன் அடித்தது.

"அவர்தான்! அவர்தான்!" அவள் போட்ட கூச்சலில் மாமனாரும் மனைவியும் ஓடிவந்தார்கள். பின்னாலேயே பாதிக் குவாரியும் வந்தது. அவள் ஸ்பீக்கரைத் தட்டினாள். இருமல் சத்தம் முதலில் வந்தது. பிறகு குரல்.

"உயிரோட இருக்கேன். கை கொஞ்சம் வெந்திருக்கு. லாரி போச்சு, மெஷின் போச்சு, எல்லாம் போச்சு. மாமாகிட்ட சொல்லிடு."

"மெஷின் கிடக்கட்டும் மாப்பிள்ளை!" என்று மாமனார் குரல் உடைந்து கத்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"சகலை இருக்காரா பக்கத்துல?" என்றது போன். "சகலை, பேக்கரிக்காரர் வரலை. எனக்கு நேர் பின்னாடிதான் வந்தார். அவர் திரும்பத்தான் பார்த்தார், சகலை. ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பிட்டார். நான்தான் ஜன்னல்ல கையை விட்டு, வாங்க வாங்கன்னு காட்டினேன். எங்க சகலை சொல்லிட்டார்னு கத்தினேன். தீயணைப்புக்காரங்க அவர் வேனை இப்பதான் பார்த்துட்டு வந்தாங்க. ஒண்ணுமே மிஞ்சலையாம். நான்தான் கையைக் காட்டினேன். அவர் வீட்ல நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? நான்தானே கையைக் காட்டினேன்…"

அந்தப் பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுவது பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கைதட்டியவர்கள் கையைத் தொங்கவிட்டார்கள். காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு ரொட்டியைச் சும்மா கொடுத்துக்கொண்டு போனவர் அந்தப் பேக்கரிக்காரர். பலருடைய மடியில் இன்னும் அது இருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் மாமனார். "யார் என்ன பண்ண முடியும்? விதி. மேப்ல அது பாதுகாப்பான இடம். உங்க மேலயும் தப்பில்லை, யார் மேலயும் தப்பில்லை."

கொழுந்தியாள் போனை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீட்டிய கை மட்டும் அப்படியே நின்றது.

"சகலை" என்றார் மாப்பிள்ளை. "அழாதீங்க. உங்க தப்பு இல்லை. அந்தப் புல் எரியும்னு மழை முடிஞ்சப்பவே எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லலை. நீங்க போன் பண்ணினப்பவும் தெரியும். தெரிஞ்சுதான் போங்கன்னேன்."

போனில் அழுகை நின்றது. பக்கத்தில் மனைவி பத்திரிகையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?" என்றார் மாமனார். "எனக்குச் சரியா கேக்கலை."

அவருக்குக் கேட்டிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் மாப்பிள்ளை மறுபடியும் சொன்னார், இந்த முறை குவாரி முழுக்கக் கேட்கும்படி.